தாத்தா சேர்த்த பேஸ்பால் கார்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: என் கணவரின் தாத்தா புரூக்ளினில் வளர்ந்தவர். பபுள் கம்மோடு சேர்த்து டாப்ஸ் நிறுவனம் 1952-இல் விற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் கார்டுகள், அவர் சேர்த்தவை, எங்களிடம் வந்திருக்கின்றன. 310-ஆம் எண்ணுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. யாராவது எடுத்திருப்பார்களா? செட்டை எப்படி முடிப்பது?

பதில்: யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள். அந்த ஆண்டு டாப்ஸ் 407 கார்டுகளை ஆறு தொடராக வெளியிட்டது. 311 முதல் 407 வரையிலான கடைசித் தொடர் வந்தபோது சீசனே முடியப் போகிறது, பையன்கள் அமெரிக்க ஃபுட்பால் பக்கம் போய்விட்டார்கள். விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றிப் போய் நியூ ஜெர்சிக்கு அப்பால் கடலில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார்.

311-ஆம் எண் நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டில். நைந்துபோன பிரதிக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். அதனால் முதலில் 310 வரை முடியுங்கள். 1 முதல் 80 வரை பின்பக்கம் கறுப்பு, சிவப்பு என இரண்டு விதமாக அச்சானது. தாத்தாவிடம் எது அதிகமோ அதையே வாங்குங்கள். 1-ஆம் எண் ஆண்டி பாஃப்கோ இருக்கிறதா பாருங்கள். கட்டின் மேலேயே இருந்து ரப்பர் பேண்ட் அழுத்தி ஓரம் வெட்டுப்பட்ட கார்டு அது. வெட்டுத் தழும்போடு இருந்தாலும் மாற்றாதீர்கள்.

கேள்வி: பபுள் கம் கறையைத் துடைக்கலாமா?

பதில்: கூடாது. ஈரத்துணி, அழிரப்பர், கத்தரிக்கோல் எதையும் கார்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் பெட்டியில் 1952 மேன்டில் இருக்கிறது! அசலா?

பதில்: முதலில் அளந்து பாருங்கள். அசல் 2⅝ × 3¾ அங்குலம். 1983-இல் டாப்ஸே போட்ட மறு அச்சு 2½ × 3½. அளவு சரியாக இருந்தாலும் கள்ள அச்சாக இருக்கலாம், அசலா என்று பார்த்து நிலைக்கு மதிப்பெண் தரும் கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பித்தான் தீர வேண்டும். அதற்கு முன் ஓரத்தை நேராக்குகிறேன் என்று நறுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: 1988, 1990 கார்டுகள் நாலு பெட்டி இருக்கின்றன. என்ன விலை போகும்?

பதில்: அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளிய காலம் அது. பெரும்பாலானவற்றுக்கு விலையே இல்லை. பிள்ளைகளிடம் கொடுங்கள், விளையாடட்டும்.

கேள்வி: 1991 டாப்ஸ் முழு செட், பிரிக்கவே இல்லை. எவ்வளவு தேறும்?

பதில்: மேலே உள்ள பதில்தான். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சொத்தாக வந்த கார்டை விற்றால் வரி உண்டா?

பதில்: அதை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். உரியவர் இறந்த தேதியில் இருந்த மதிப்பை மட்டும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: பாஃப்கோவை மாற்றாதே என்கிறீர்களே, எனக்கு உடன்பாடில்லை. 2022-இல் ஒரு மேன்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது நல்ல நிலையில் இருந்ததால்தானே?

பதில்: உண்மைதான். அது பத்துக்கு 9.5 கிரேடு. விற்க வாங்குகிறவருக்கு உங்கள் வாதம் சரி. ஆனால் முதலில் எழுதிய சகோதரி கேட்டது தாத்தாவின் செட்டை முடிக்க. உதாரணத்துக்கு, அணி மாறிய ஆட்டக்காரரின் கார்டில் பழைய அணிப் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டுப் புதியதை எழுதுவது அன்றைய பையன்களின் வழக்கம். சந்தையில் அது பழுது. வீட்டில் அது தாத்தாவின் கையெழுத்து. அதைக் கொடுத்துவிட்டுப் பளிச்சென்று ஒன்றை வாங்கினால், முடிவில் கையில் இருப்பது யாரோ ஒருவருடைய செட்.

கேள்வி: மனசுக்குச் சரி. நாளை பேரன் விற்க நினைத்தால் நஷ்டம் அவனுக்குத்தானே?

பதில்: பெரிய நஷ்டமில்லை. நடுத்தர நிலைக் கார்டுகளுக்கும் வாங்க ஆள் எப்போதும் உண்டு. நூறு கார்டு நைந்திருக்க, நடுவில் ஒன்று மட்டும் மின்னினால் செட்டாகவும் அது எடுபடாது. அதனால் விடுபட்ட எண்களையும் அதே நிலையில் வாங்குங்கள். செலவும் குறையும்.

கேள்வி: அண்ணா, பழையதையும் வைத்துக்கொண்டு நல்லதையும் வாங்கினால்?

பதில்: தாராளமாக. எது எப்போது வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி ஆல்பத்தோடு வையுங்கள், கார்டில் எழுத வேண்டாம். 1952 கார்டு பெரியது, ஒன்பது பை உள்ள வழக்கமான ஆல்பத் தாளில் நுழையாது. எட்டுப் பைத் தாளாகக் கேட்டு வாங்குங்கள், பி.வி.சி. கலக்காததாக.