வீட்டை அழகாக்கும் முன் அடகுச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒழுங்கை ஒன்றில், மாமனார் கட்டிய தட்டு வீட்டில் வசிக்கிறோம். மாதம் சராசரியாக 280 அலகுகள் ஓடி, மின்பட்டியல் 13,000 ரூபா வருகிறது. கணவரின் அக்கா குடும்பம் ஒவ்வொரு வருடமும் ஆடிவேல் காலத்தில் கனடாவிலிருந்து வந்து மூன்று வாரம் எங்களோடு தங்கும். இம்முறை புறப்படும்போது மச்சாள், “அடுத்த முறை வரேக்க வீட்டை வடிவாச் செய்து வையுங்கோ, இந்த வெக்கையில பிள்ளையள் படுக்க மாட்டினம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மேற்கு விறாந்தையைக் கண்ணாடியால் அடைத்து, போல்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே இன்னொரு உட்கூரை) போட்டு, இரண்டு அறைகளுக்கு ஏசியும் கூரைக்கு 5 கிலோவாட் சோலாரும் பொருத்த 28 இலட்சம் ஆகுமாம். 22 இலட்சத்தை 13 வீத வட்டிக்கு ஏழு வருடக் கடனாக எடுக்கலாம். என் நகைகள் 14 வீத வட்டியில் 14 இலட்சத்துக்கு ஏற்கெனவே அடகில் இருக்கின்றன. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 6 இலட்சம் தருவார்கள். 8 வீத வட்டியில் 6 இலட்சம் நிலையான வைப்பில் உண்டு. மகளுக்காக மாதம் 25,000 ரூபா சேமிக்கிறோம். மின்செலவு குறையும் என்பதால் இது நல்ல முதலீடுதானே?

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கவலையோடு எழுதியிருப்பது 13,000 ரூபா மின்பட்டியலைப் பற்றி. ஆனால் 14 இலட்சம் அடகுக்கு 14 வீதம் என்றால் வருட வட்டி 196,000 ரூபா, அதாவது மாதம் 16,000 ரூபாவுக்கு மேல். உங்கள் வீட்டின் மிகப் பெரிய கசிவு கூரையிலோ ஜன்னலிலோ இல்லை; அது அடகுச் சீட்டில் இருக்கிறது. தங்கம் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் வங்கிக்குப் போய், வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்து, மேலதிகமாகக் கிடைப்பதையும் வாங்கிக்கொண்டு வருவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டதோ என்று உங்கள் கடிதம் என்னை எண்ணவைக்கிறது. விலையேற்றத்தின் பலன் நகைக்கு உரியவருக்குச் சேரவேண்டியது. நீங்களோ அதைக் கடனாக மாற்றிச் செலவழிக்கிறீர்கள். தங்கம் விலை இறங்கும் காலத்தில் புதுப்பிக்கப் போனால், குறைந்த பெறுமதிக்கே பணம் தருவார்கள். மீதியை ரொக்கமாகக் கட்டச் சொல்வார்கள். அது இயலாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

இப்போது புதிய திட்டத்தைப் பாருங்கள். 22 இலட்சத்துக்கு ஏழு வருடத் தவணை மாதம் ஏறத்தாழ 40,000 ரூபா. கூடுதலாக எடுக்கும் 6 இலட்சம் அடகுக்கு மாத வட்டி 7,000 ரூபா. உங்கள் மின்பட்டியல் முழுவதும் பூச்சியமாகிவிட்டாலும் மிஞ்சுவது 13,000 ரூபாதான். 47,000 ரூபா கொடுத்து 13,000 ரூபா மிச்சம் பிடிப்பதை முதலீடு என்று உங்களுக்குச் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் உங்கள் கணக்கைப் பார்க்கவில்லை.

வீடு வெக்கையாக இருப்பது உண்மை; அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. கொழும்பு மத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. மற்ற மாதங்களிலும் நண்பகலில் உச்சிக்கு அதிக தூரத்தில் இருப்பதில்லை. ஆகவே சுவர்களைவிடக் கூரையான கொங்கிரீட் தட்டே அதிக வெயிலை வாங்கி, பகலெல்லாம் சேர்த்த சூட்டை இரவு பத்து மணிக்கும் படுக்கையறைக்குள் இறக்குகிறது. இதற்குச் செய்யவேண்டியது, தட்டில் ஒழுக்கு இருந்தால் முதலில் அடைத்துவிட்டு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மேலே பூசுவதுதான். போல்ஸ் சீலிங் அறையின் உயரத்தைக் குறைத்து மின்விசிறியைத் தலைக்கு அருகே கொண்டுவருமே தவிர, வெப்பத்தடுப்புப் பொருள் வைக்காமல் போட்டால் செலவுக்கு ஏற்ற குளிர்ச்சியைத் தராது.

கண்ணாடி அடைப்பைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்: மேற்கே கடலைப் பார்த்த விறாந்தையைக் கண்ணாடியால் மூடுவது, பிற்பகல் மூன்று மணி வெயிலை உள்ளே விட்டுக் கடற்காற்றை வெளியே நிறுத்துவதாகும். பிறகு அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி வேண்டும். அந்த ஏசியின் வெளிப்பெட்டியையோ கடற்கரை உப்புக்காற்று சில வருடங்களில் அரித்துவிடும். விறாந்தை திறந்தே இருக்கட்டும். வெளிப்பக்கமாக மூங்கில் தட்டிகளைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பந்தல் கட்டிக் கொடித்தோடையைப் படரவிடுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் திரைச்சீலையால் மறைப்பதைவிட, வெளியிலேயே மறிப்பது பலமடங்கு பயன் தரும். பார்வைக்கும் அது கண்ணாடிப் பெட்டியைவிட எவ்வளவோ அழகு.

மின்விசிறிகளுக்கும் செலவழிக்கலாம். சாதாரண விசிறி 75 வாட் அளவில் எடுக்கும். புதிய பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார்) வகை 30 வாட் அளவிலேயே ஓடும். நான்கு விசிறிகள் நாளுக்குப் பத்து மணித்தியாலம் சுழன்றால் மாதம் 54 அலகுகள் மிஞ்சும். நமது கட்டணம் படிமுறையில் ஏறுவதால் மிஞ்சுவது எப்போதும் உச்சப் படியின் விலையுயர்ந்த அலகுகளே. அலகுக்கு 60 ரூபா என்று தோராயமாக வைத்தால் மாதம் 3,200 ரூபா. விசிறி ஒன்று 18,000 ரூபா என்றாலும் இரண்டு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும்.

சோலாரை நான் எதிர்ப்பவன் அல்லன். கடனில்லாத, கையில் பணம் உள்ள, நிழல் விழாத கூரை உள்ள குடும்பத்துக்கு அது நல்லது. உங்கள் ஒழுங்கையிலோ அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்துக் காணியில் எட்டு மாடி வந்தால் உங்கள் கூரைக்குப் பாதி நாள்தான் வெயில். மேலும் 5 கிலோவாட் மாதம் 500 அலகுகளுக்கு மேல் உற்பத்தி செய்யும். உங்கள் தேவை 280. மீதியை விற்கும் விலை புதிய இணைப்புகளுக்கு 2025 இல் குறைக்கப்பட்டது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டதும் நினைவிருக்கும். பற்றரி இல்லாத சோலார் மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும் என்பதை விற்க வருபவர் முதலில் சொல்வதில்லை.

ஆகவே நிலையான வைப்பில் 1 இலட்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு 5 இலட்சத்தை எடுத்து நகையின் ஒரு பகுதியை மீட்டெடுங்கள். 8 வீதம் வாங்கிக்கொண்டு 14 வீதம் கொடுப்பதில் உங்களுக்கு நட்டமே. வைப்பை இடையில் முறித்தால் வட்டி கொஞ்சம் குறையும், குறையட்டும். மீதி 9 இலட்சத்துக்கு, இப்போது கட்டும் 16,000 ரூபாவோடு மாதச் சேமிப்பான 25,000 ரூபாவையும் சேர்த்துக் கட்டினால், இரண்டு வருடமும் சில மாதங்களும் போதும். மகளுக்கான பணம் இதனால் குறைவதில்லை. அந்த நகையும் அவளுக்குத்தானே? பூச்சுக்கும் விசிறிகளுக்கும் முதல் சில மாதச் சேமிப்பை ஒதுக்கலாம்.

மச்சாளிடம் உங்கள் கணவர்தான் பேசவேண்டும். நீங்கள் பேசினால் அது வேறு விதமாக விளங்கிக்கொள்ளப்படும். “அக்கா, நகை அடகில் இருக்கிறது, இந்த வருடம் வெள்ளையடித்துப் பந்தல் போடுகிறோம், பிள்ளைகளின் அறைக்கு ஏசி வேண்டுமென்றால் அதை நீங்கள் போட்டுத் தாருங்கள்” என்று அவர் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தம்பியின் மனைவியின் நகை அடகில் கிடப்பது அவருக்குத் தெரியாமலே இருக்கக்கூடும்.

அடகுச் சீட்டின் தவணை எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் திகதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வைப்புப் பணத்தை எடுத்துவைத்து, புதுப்பிக்கவென்று வங்கிக்குப் போகும் அதே நாளில் 5 இலட்சத்தைக் கட்டிவிடுங்கள்.