மேப்பிள் மரத்தில் துளையிட்டும் ஏன் சாறு வரவில்லை?

கேள்வி கேட்ட அண்ணன் கோலாலம்பூர்க்காரர். மகள் கனடாவில் ஒன்டாரியோ பக்கம் வீடு வாங்கியிருக்கிறாளாம், பின்புறம் நான்கு மேப்பிள் மரங்கள். மார்ச் மாதம் அப்பாவும் மகளுமாக, சாறெடுத்துப் பாகு காய்ச்ச, ஒரே நாளில் நான்கிலும் துளை போட்டு வாளி மாட்டியிருக்கிறார்கள். ஒன்றில் வாளி நிறைகிறது, ஒன்றில் பாதி, மற்ற இரண்டில் அடி கூட நனையவில்லை. நம்ம ஊர் பால் மரம், அதாவது ரப்பர் மரம் மாதிரி இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டால் வருமா என்று கேட்கிறார்.

அண்ணே, அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த இரண்டு மரங்களையும் இந்த வருடம் மேற்கொண்டு தொட வேண்டாம்.

நான் பினாங்கில் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அம்மா இருபது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டினார், பள்ளி விடுமுறையில் நானும் விடியற்காலையில் அவர் பின்னால் போய், பால் வடியும் மங்கு துடைத்து வைத்திருக்கிறேன். அப்புறம் என் தங்கை கல்யாணமாகி ஒன்டாரியோ போன பிறகு இரண்டு மார்ச் மாதங்கள் அவள் வீட்டில் தங்கி, அவர்கள் மேப்பிள் மரங்களில் துளை போடும்போது கூடவே இருந்தேன். அதனால் உங்களுக்கு இந்த யோசனை ஏன் வந்தது என்று நன்றாகப் புரிகிறது. முதல் வருடம் எனக்கும் அதே யோசனைதான் வந்தது. ஆனால் இரண்டு மரத்துக்கும் உள்ளே நடப்பது வேறு வேறு.

பால் மரத்தில் பால் இருப்பது பட்டையில். உளி பட்டையின் உள்பக்கம் வரை போக வேண்டும், கட்டையைத் தொடக் கூடாது, தொட்டால் மரத்துக்குக் காயம், வெட்டியவருக்குத் திட்டு. மேப்பிளில் நேர்மாறு. பட்டை வெறும் வாசல்தான், சாறு ஓடுவது உள்ளே இருக்கும் வெளிர்நிறக் கட்டையில். அதற்குள் 4, 5 சென்டிமீட்டர் போனால் போதும். அதையும் தாண்டிப் போனால் வயதான மரத்தில் வைரம் பாய்ந்த கருத்த நடுக்கட்டையைத்தான் தொடுவீர்கள், அங்கே சாறு கிடையாது.

சாறு ஏன் ஓடுகிறது என்பது தெரிந்தால் ஏன் ஓடவில்லை என்பதும் பிடிபட்டுவிடும். மேப்பிள் கட்டையில் சாறு போகும் குழாய்களைச் சுற்றியுள்ள நார்களுக்குள் நீருக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது, பெரும்பாலான மரங்களில் இப்படி இருக்காது. இரவில் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகும்போது அந்த நார்களுக்குள் பனி கட்டுகிறது, உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது, மரம் வேரிலிருந்து நீரை மேலே இழுத்துக்கொள்கிறது. பகலில் வெயில் வந்து பனி உருகியதும் அடைபட்ட காற்று விரிந்து சாற்றை வெளியே தள்ளுகிறது. துளை இருந்தால் அதன் வழியாக வருகிறது, அவ்வளவுதான். இரவு உறையாமல் போனாலும் பகல் உருகாமல் போனாலும் அன்றைக்கு வாளி காலிதான். நம் பினாங்குக் கொடிமலை உச்சியில் மேப்பிள் நட்டு எவ்வளவு செல்லமாக வளர்த்தாலும் ஒரு சொட்டு வராது, அங்கே இரவு ஜில்லென்று இருக்குமே தவிர நீர் உறையாது.

சரி, உங்கள் நான்கு மரங்களுக்கும் ஒரே இரவுதான், ஒரே பகல்தான். பிறகு ஏன் வித்தியாசம்? நான் முதலில் சந்தேகப்படுவது துளையைத்தான். தங்கை வீட்டில் நான் போட்ட முதல் துளையிலேயே ஒரு சொட்டு வரவில்லை. துளைக் கருவியை வெளியே இழுத்தபோது வந்த தூள் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு முதியவர் வந்து பார்த்துவிட்டு, முந்தைய வீட்டுக்காரர் போட்ட பழைய துளைக்கு நேர் மேலே ஓர் அடி தள்ளிப் போட்டிருக்கிறாய் என்று காட்டினார். மேப்பிள் ஒவ்வொரு துளையையும் காயமாகத்தான் எடுத்துக்கொள்கிறது, அந்த இடத்துக்கு மேலும் கீழும் நீளவாக்கில் கட்டையை அடைத்துவிடுகிறது. பிறகு அந்தப் பகுதியில் சாறு ஓடவே ஓடாது. பால் மரத்திலாவது சில வருடங்களில் புதுப்பட்டை வளர்ந்து அதே இடத்தில் மறுபடி வெட்டலாம், மேப்பிளில் அடைபட்ட கட்டை திரும்ப உயிர்க்காது, அதன்மேல் வருடத்துக்கு ஒரு வளையமாகப் புதுக்கட்டை வளர்ந்தால்தான் உண்டு. அதனால் தூளைப் பாருங்கள். வெள்ளையாக, வெண்ணெய் நிறத்தில் வந்தால் நல்ல கட்டை.

அடுத்தது மரத்தின் தலை. கோடையில் இலைகள் செய்து சேர்த்து வைத்த சர்க்கரைதான் மார்ச்சில் சாறோடு வருகிறது. தனியாக நின்று நாலா பக்கமும் வெயில் வாங்கி அகலமாகப் படர்ந்த மரம் தாராளமாகக் கொடுக்கும். வேலிக்கும் வீட்டுக்கும் நடுவே நெருக்கடியில் ஒல்லியாக உயர்ந்த மரத்திடம் அவ்வளவு இருக்காது. சுற்றி சிமென்ட் போட்டு வேரை நெருக்கியிருந்தாலும், முந்தைய கோடையில் மழை பொய்த்திருந்தாலும் குறையும். தண்டின் குறுக்களவு 25, 30 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் துளையே போடக் கூடாது. நிழலில் நிற்கும் மரம் என்றால் கொஞ்சம் பொறுங்கள், அது உருகவே மதியம் தாண்டிவிடும், வெயில் பட்ட மரம் நிறைந்து இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட அது ஓட ஆரம்பிக்கலாம்.

நான்கும் ஒரே வகை மேப்பிளா என்றும் பாருங்கள். சர்க்கரை மேப்பிளின் மொட்டு பழுப்பாக, கூராக இருக்கும். சிவப்பு மேப்பிளின் மொட்டு சிவந்து உருண்டையாக இருக்கும், அதில் சாறும் இனிப்பும் பொதுவாகக் குறைவு, மொட்டும் சீக்கிரம் விரியும். மொட்டு விரிந்த பிறகு வரும் சாறு பாகு காய்ச்ச உதவாது, ஒரு மாதிரி வாடை வந்துவிடும்.

இன்னொன்று, பிப்ரவரி ஆரம்பத்திலேயே ஒரு சூடான நாளைப் பார்த்து அவசரப்பட்டுத் துளை போட்டவர்களுக்கு மார்ச் கடைசியில் ஓட்டம் நின்றுவிடும். துளைக்குள் கிருமிகள் பெருகி அடைப்பதாலும், மரமே அதை மூடிக்கொள்வதாலும், ஒரு துளைக்கு ஏறக்குறைய நாலு முதல் ஆறு வாரம்தான் ஆயுள். அப்போது அதே துளையைக் குடைந்து பெரிதாக்கத் தோன்றும், வேண்டாம். மரத்தை வற்புறுத்தினால் என்னாகும் என்று பால் மரத்தில் பார்த்தவள் நான். தோட்டத்தில் கடைசி வருடங்களில் பால் அதிகம் வர மருந்து தடவி, இரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டிய மரத்தை நாள்தோறும் வெட்டச் சொன்னார்கள். அம்மாவின் நிரையில், அவர் வெட்டும் வரிசையில், ஒவ்வொரு மரமாகப் பட்டை காய்ந்து பால் நின்றது. உளி போட்டால் உலர்ந்த கோடு மட்டும் தெரியும். அந்த மரங்களைத் தாண்டிப் போகும்போது அம்மா ஒரு நிமிடம் நின்று பட்டையைத் தடவிவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவார்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் ஏமாந்து போகக் கூடாது. வாளி வைத்து எடுக்கும்போது ஒரு துளைக்கு ஒரு பருவம் முழுக்க 40 லிட்டர் வந்தாலே நல்ல விளைச்சல். அதில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான், 40 லிட்டரையும் காய்ச்சினால் சுமார் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும்.

இன்றைக்கு அந்த இரண்டு மரங்களுக்கும் போய், துளைக்கு மேலும் கீழும் பட்டையில் தொப்புள் மாதிரி மூடிய பழைய வடு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மொட்டின் நிறத்தையும், துளை போட்டபோது வந்த தூளின் நிறம் நினைவிருந்தால் அதையும் இங்கேயே எழுதுங்கள், தங்கையிடமும் கேட்டுச் சொல்கிறேன்.