அந்தப் படத்துக்கு ஏன் கிடைக்கல? தேசிய விருது பற்றி நெல்லைச் சீமைக் கேள்விகள்

மேலப்பாளையம்: அண்ணாச்சி, மலையாளப் படம் ‘உள்ளொழுக்கு’ தியேட்டருக்கு வந்ததே 2024 ஜூன்லதான். 2023ஆம் வருச விருதை ஊர்வசிக்கு எப்படிக் கொடுத்தாங்க?

தேசிய விருதில் ரிலீஸ் தேதியை யாரும் பார்ப்பதில்லை. சென்சார் சான்றிதழ் தேதிதான் கணக்கு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31க்குள் சான்றிதழ் வாங்கியிருந்தால் அது அந்த வருசத்துப் படம். ‘கடைசி விவசாயி’, ‘இரவின் நிழல்’ இரண்டும் 2022இல் திரைக்கு வந்து, 2021க்கான 69ஆவது விருதில் பரிசு வாங்கியதும் இப்படித்தான்.

தேதியைத் தெரிந்துகொள்வது சுலபம். படம் தொடங்கும் முன் சான்றிதழ் சில நொடி திரையில் நிற்கும். நம்மாட்கள் ‘யு’வா, ‘ஏ’வா என்று மட்டும் பார்த்துவிட்டு பாப்கார்னில் கையை விடுவார்கள். அதிலேயே சான்றிதழ் எண்ணும் தேதியும் இருக்கும். எண்ணின் கடைசியில் வருசமும், சென்னை அலுவலகம் கொடுத்ததென்றால் ‘சி.எச்.இ.’ என்ற எழுத்துகளும் வரும். ஓ.டி.டி.யில் பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் நிறுத்தி வாசித்துக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டை: ‘பரியேறும் பெருமாள்’ நம்ம ஊர்ச் சட்டக்கல்லூரிக் கதை. 2018ல அதை விட்டுட்டு ‘பாரம்’ படத்துக்குச் சிறந்த தமிழ்ப் பட விருது கொடுத்துட்டாங்க. எல்லாம் அரசியல்தானே?

அரசியல் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால், படம் எந்தப் படியில் வழுக்கியது என்றே தெரியாமல் போகும். முதல் படி, விண்ணப்பம். தயாரிப்புத் தரப்பு கேட்டு அனுப்பாமல் எந்தப் படமும் போட்டிக்குள் வராது. ஆங்கில சப்டைட்டிலும் கட்டாயம். அதை ஏனோதானோவென்று போட்டு அனுப்பினால், தமிழ் தெரியாத நடுவருக்குப் பாதிப் படம்தான் போய்ச் சேரும். இரண்டாவது படி, வட்டாரக் குழு. மொத்தம் 5 குழுக்கள்; தமிழும் மலையாளமும் ஒரே குழுவில் வருகின்றன. நல்ல மலையாளப் படங்கள் குவிகிற வருசத்தில் நமக்குச் சிக்கல்தான். அங்கே தேறியது மத்தியக் குழுவுக்குப் போகும். வட்டாரக் குழுத் தலைவர்கள் மத்தியக் குழுவிலும் உட்காருவார்கள். தலைவர் ஒரு படத்தைக் கைவிட்டால், மேலே அதற்காக வாதாட ஆள் குறைவு.

‘பாரம்’ லேசுப்பட்ட படமில்லை. தென்மாவட்டங்களில் வயதானவர்களுக்குத் தலைக்கூத்தல் நடத்துவதை, அதாவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுவதைப் பேசிய படம். அதற்குக் கொடுத்ததில் எனக்குக் குறையே கிடையாது. குறை வேறிடத்தில். ‘பரியேறும் பெருமாள்’ நாயகன் பரியனின் அப்பாவாக வந்த கூத்துக்கலைஞர் தங்கராசு, வேட்டி உருவப்பட்டு ரோட்டில் ஓடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். துணை நடிகர் விருது ‘சும்பக்’ என்ற மராத்திப் படத்துக்காக ஸ்வானந்த் கிர்கிரேவுக்குப் போனது. போகட்டும். ஆனால் சிறப்புக் குறிப்பு என்று ஒன்று உண்டு. அந்த வருசமே மலையாளத்தில் ஜோஜு ஜார்ஜ், சாவித்திரி ஸ்ரீதரன் உள்பட சிலருக்குக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் தங்கராசு பெயர் இல்லாதது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

தனியார் விருதான பிலிம்பேர் தெற்கில் சிறந்த தமிழ்ப் படம் ‘பரியேறும் பெருமாள்’தான்.

சங்கரன்கோவில்: ‘சூரரைப் போற்று’ இந்தியாவுக்கே சிறந்த படம்னாங்க. அதே வருசம் சிறந்த தமிழ்ப் படம் ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’. இது என்ன கணக்கு?

ரெண்டும் வேற வேற பரிசு. எல்லா மொழிக்கும் சேர்த்துக் கொடுக்கிற சிறந்த படத்துக்குத் தங்கத் தாமரை, மொழிவாரிப் படத்துக்கு வெள்ளித் தாமரை. 70ஆவது விருதிலிருந்து தங்கத்துக்கு 3 லட்சம், வெள்ளிக்கு 2 லட்சம் ரூபாய். மேலே வாங்கிவிட்ட படத்துக்குக் கீழே மறுபடியும் கொடுக்காமல் இன்னொரு படத்துக்கு இடம் விட்டது நல்ல முடிவு. சிறந்த படம் என்ற பெரிய பரிசு தமிழுக்கு வந்தது ‘மறுபக்கம்’, ‘காஞ்சிவரம்’, ‘சூரரைப் போற்று’ ஆகியவற்றுக்குத்தான்.

தென்காசி: எம்.எஸ்.பாஸ்கருக்குக் கொடுத்தது சந்தோசம். ஆனா பாதி விருதுதானே அண்ணாச்சி?

பாதி விருது என்று ஒன்று கிடையாது. 71ஆவது விருதில் துணை நடிகர் பரிசை ‘பூக்காலம்’ விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டார். பங்கு போடுவது பணத்தை மட்டும்தான். பதக்கம் ஆளுக்கொன்று. ஷாருக்கானும் விக்ராந்த் மாசியும் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்ததும் இதே மாதிரிதான்.

எனக்கு வருத்தம் பிரிவைப் பற்றித்தான். ‘பார்க்கிங்’ படத்தில் ஒரு கார் நிறுத்துகிற இடத்துக்காக வீம்பு முற்றுவதில் பாதிச் சுமையை அவர்தான் தூக்குகிறார். துணை நடிகர் என்ற பெட்டி அதற்குச் சின்னது. திரைக்கதை விருது ராம்குமார் பாலகிருஷ்ணனுக்குக் கிடைத்தது சரியான தீர்ப்பு.

களக்காடு: ஜி.வி.பிரகாஷுக்கு ரெண்டு தடவையும் ஒரே விருதா?

இல்லை. ‘சூரரைப் போற்று’வுக்குப் பின்னணி இசை, ‘வாத்தி’க்குப் பாடல்கள். இரண்டும் தனித்தனிப் பிரிவு. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்கு ரகுமான் வாங்கியதும் பின்னணி இசைக்குத்தான். பாட்டு நல்லாயில்லையே என்று அதை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் பிரிவைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

வள்ளியூர்: தமிழ்நாடு அரசு விருது ஏன் இவ்வளவு லேட்டு?

2009 முதல் 2014 வரைக்குமான விருதுகளை 2022 செப்டம்பரில் மொத்தமாகக் கொடுத்தார்கள். படம் பார்த்த சூடெல்லாம் ஆறி, குழந்தை நட்சத்திரங்கள் வளர்ந்து ஆளான பிறகு வருகிற பரிசுக்கு ரசிகன் என்னத்தைச் சொல்ல?

கடையநல்லூர்: இந்தியா அனுப்பினது ‘செல்லோ ஷோ’. ஆனா ஆஸ்கர் வாங்கினது ‘ஆர்ஆர்ஆர்’ படத்துப் பாட்டு ‘நாட்டு நாட்டு’. எப்படி?

உள்ளே போக வாசல் இரண்டு. சர்வதேசப் படப் பிரிவுக்கு நாட்டுக்கு ஒரு படம். நம் நாட்டில் அதைத் தேர்வு செய்வது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு. அதில் 15 படங்களாகச் சுருக்கி, பிறகு 5 ஆக்குவார்கள். 2021இல் ‘கூழாங்கல்’ போய் அந்த 15க்குள் வரவில்லை. பாட்டு, ஒளிப்பதிவு போன்ற மற்ற பிரிவுகளுக்கு நாட்டின் பரிந்துரையே வேண்டாம். அமெரிக்காவில் அவர்கள் குறித்த 6 பெருநகரப் பகுதிகளில் ஒன்றில், தியேட்டரில் தொடர்ந்து 7 நாள், தினம் குறைந்தது 3 காட்சி ஓட்டியிருந்தால் விண்ணப்பிக்கலாம். ‘ஆர்ஆர்ஆர்’ இந்த வாசல் வழியாகப் போனது.

சிறந்த படத்துக்கு மட்டும் ஓட்டு எண்ணுகிற முறையும் வேறு. 10 படங்களை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். புரிவதற்காக 3 படம், 100 ஓட்டு என்று வையுங்கள். முதலிடம் கொடுத்தவர்கள் முறையே 40, 35, 25 பேர். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசிப் படம் கழியும். அதன் 25 பேரும் இரண்டாவதாக எதை எழுதினார்கள் என்று பார்ப்பார்கள். 18 பேர் இரண்டாம் படத்தையும் 7 பேர் முதல் படத்தையும் எழுதியிருந்தால் கணக்கு 53க்கு 47. முதலில் பின்தங்கி நின்ற படம் ஜெயித்துவிடும். அதனால்தான் பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் திட்டுகிற படம் அங்கே பெரும்பாலும் தோற்கிறது.

சீவலப்பேரி: ‘பைசன்’ படத்துக்கு இந்த வருசம் விருது வருமா?

2025 படம் என்றால் 73ஆவது விருதுக்குத்தான் வரும். 2023 படங்களுக்கான 71ஆவது விருதையே 2025 ஆகஸ்டில்தான் அறிவித்தார்கள். அதற்கு முன்னாடி 2024 படங்களுக்கான 72 இருக்கிறது. அதே மாரி செல்வராஜின் ‘வாழை’க்குக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.