வாசகர் கேள்வி பதில்: கீமோ நாற்காலிக்கு ஒரு போர்வை

கேள்வி: என் நாத்தனாருக்கு மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து கீமோ ஏற்றுகிறார்கள். "அந்த ஏசி ரூம்ல நாலு மணி நேரம் உட்கார முடியல அண்ணி" என்கிறார். கையால் ஒரு போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. புதுத் துணி எடுக்கவா? மாமியாரின் பழைய பருத்திப் புடவைகளும் பீரோவில் இருக்கின்றன.
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: மாமியார் புடவையையே எடுங்கள். வருஷக்கணக்காகத் துவைத்துப் பஞ்சு போல் ஆன பருத்தியின் மென்மை எந்தப் புதுத் துணியிலும் வராது. அதோடு, அது அவருடைய அம்மா உடுத்திய புடவை. ஜரிகையும் கிழிசலும் இல்லாத ஒன்றாகப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள். பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தால் இரண்டு மூன்று முறைகூடத் துவைக்க வேண்டியிருக்கும். கீமோ எடுப்பவருக்கு வாசனைதான் முதல் எதிரி. நமக்கு மணமாகத் தெரியும் சோப்பும் துணிக்குப் போடும் வாசனைத் திரவமும் அவருக்குக் குமட்டலைக் கிளப்பும். காய்ந்த துணியை முகத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். எந்த மணமும் தெரியக் கூடாது.

ஐந்தரை மீட்டர் புடவை என்பது 216 அங்குலம். அதில் 36 அங்குலத் துண்டுகள் நான்கு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், 36-க்கு 45 அளவில் இடுப்பிலிருந்து பாதம் வரை மூடும் போர்வை கிடைக்கும். உயரமானவர் என்றால் 50 அங்குலமாக நான்கு வெட்டலாம், 200 அங்குலத்தில் முடிந்துவிடும். நடுவில் பஞ்சு வேண்டாம். ஆபரேஷன் நடந்த பக்கத்து அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கக்கூடும். அதன்மேல் பாரம் ஏற்றவே கூடாது. நாலு மடிப்புப் புடவை அரை கிலோ அளவில்தான் இருக்கும்.

முதலில் நீளநீளமாகத் தற்காலிகத் தையல் போட்டு நான்கு மடிப்பையும் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ரன்னிங் தையல், இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் தளர்ந்த துணியெல்லாம் நடுவில் வந்து சுருக்கமாக உட்கார்ந்துவிடும். வரிகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் துவைத்தபின் உள்மடிப்பு நழுவிச் சுருண்டுகொள்ளும்.

முடிச்சு வெளியே தெரியக் கூடாது. கதிர்வீச்சு பட்ட தோலில் ஒரு சின்ன முடிச்சுகூட உரசும். நூல் நுனியில் முடிச்சுப் போட்டு, தைக்கப் போகும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியைக் குத்தி, தையல் தொடங்கும் புள்ளியில் வெளியே எடுங்கள். நூலை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால் 'டப்' என்று முடிச்சு துணிக்குள் போய்விடும். தையல் முடியும் இடத்திலும் இதே வித்தைதான்.

ஆரம்பிக்கும்போதே குண்டூசிகளை எண்ணி எழுதி வையுங்கள். முடிந்ததும் எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் போர்வையைக் கொடுக்காதீர்கள். தையல் வரி ஒவ்வொன்றிலும் காந்தத்தை ஓட்டித் தேடுங்கள். கீமோவில் தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் குறைந்திருக்கும்போது, குத்திய இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது, கிருமியும் சுலபமாக நுழையும்.

மிச்சத் துணியில் கயிறு வைத்த பை ஒன்று தைத்து, போர்வையை மடித்து அதில் போட்டுக் கொடுங்கள். பஸ்ஸில் எடுத்துப்போக லகுவாக இருக்கும்.

கேள்வி: குரோஷாவில் பின்னிய உல்லன் போர்வை கொடுக்கலாமா? எங்கள் ஊர்க் குளிருக்கு அதுதானே சரி?
– வாசகி, ஏற்காடு

பதில்: உல்லன் என்று கடையில் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பலானால் கம்பளி, உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக். கம்பளி அரிக்கும், வேண்டாம். அக்ரிலிக் லேசானது, சுலபமாகத் துவைக்கலாம். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குளிருக்காக அடுப்பருகே உட்காரும் வழக்கம் இருந்தால் பருத்தியே நல்லது. அக்ரிலிக்தான் என்றால் கீழே ஒரு பருத்தித் துப்பட்டி போட்டு அதன்மேல் போர்த்தச் சொல்லுங்கள்.

பின்னல் நெருக்கமாக இருக்கட்டும். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை இருந்தால் கையில் குத்தியிருக்கும் ஊசிக்குழாய் அதில் மாட்டும். டபுள் குரோஷே பின்னலைவிட, உயரம் குறைந்த ஹாஃப் டபுள் பின்னல் பாதுகாப்பு. 5 மில்லிமீட்டர் ஊசியில் 36-க்கு 45 அளவுக்குச் சுமார் 600 கிராம் நூல் பிடிக்கும். எல்லா உருண்டையையும் ஒரே நாளில், ஒரே சாய எண் பார்த்து வாங்குங்கள். இஸ்திரி போட்டால் அக்ரிலிக் தொய்ந்துவிடும், திரும்ப எழும்பாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையில் துணி லேசில் காயாது. முக்கால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அது எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் நுரையீரலுக்கு ஆபத்து. கீழே சேலத்தில் உறவினர் வீடு இருந்தால் அங்கே துவைத்து வெயில் காட்டிக் கொண்டுவாருங்கள்.

குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றுபவர் என்றால், போர்வையில் கை நுழைக்க ஒரு பை வைத்துக் கொடுங்கள். அந்த மருந்து ஏறி சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் மரத்து முள்ளாய்க் குத்தும். பஸ் கம்பியைப் பிடிப்பதும் பச்சைத் தண்ணீரில் கை வைப்பதும் அப்படித்தான். பையின் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் கையை எடுப்பது சுலபம்.

கேள்வி: பவானி ஜமக்காளம் கொடுக்கலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: கூட வந்து தரையில் படுக்கும் துணையாளருக்குக் கொடுங்கள், ரொம்ப உதவும். நோயாளியின் மேல் போர்த்த அது கனம், முரடு.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 20 போர்வை தைத்திருக்கிறோம். வார்டில் எப்படிக் கொடுப்பது? 'புற்றுநோயை வெல்வோம்' என்று லேபிள் அடிக்கலாமா?
– வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: லேபிளில் அந்த வார்த்தையே வேண்டாம். எத்தனையோ வீடுகளில் நோயாளியிடம் 'கட்டி' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். உங்கள் போர்வையைப் பார்த்து அவர் உண்மையைத் தெரிந்துகொள்ளக் கூடாது. 'சீக்கிரம் குணமாகிவிடும்' என்பதும் வேண்டாம், இனி குணமாகாது என்று தெரிந்தவர்களும் அங்கே படுத்திருப்பார்கள். 'உங்களுக்காகக் கையால் தைத்தது. பருத்தி. வெந்நீரில் துவைக்கலாம்.' இவ்வளவு போதும்.

தூய வெள்ளையைத் தவிருங்கள். புது வெள்ளைத் துணியைப் பார்த்தால் நம் ஊரில் கோடித் துணி நினைவுதான் வரும். படுத்திருப்பவர் மேல் நீங்களாகப் போர்த்தாமல் கையில் கொடுங்கள். மங்கலத்துக்கு மஞ்சள் வைக்க நினைத்தால் பையில் வையுங்கள், துணியில் வைத்தால் ஈரம் பட்டதும் பரவும்.

புதுத் துணியில் தைத்திருந்தால் தறிக் கஞ்சி போகும்வரை அலசினீர்களா என்று பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. பிறகு ஒவ்வொன்றாகப் பையில் கட்டி, வார்டு சிஸ்டரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு எது ஆகாது என்பது அவருக்குத் தெரியும். எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கும் இடங்களில் வெளியிலிருந்து கொண்டுவரும் போர்வையை அனுமதிக்காமல் இருக்கலாம், வற்புறுத்தாதீர்கள். வாங்குபவரைப் போட்டோ எடுக்காதீர்கள்.

கேள்வி: கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த அப்பாவுக்குத் திடீரென்று குளிர் நடுங்குகிறது. போர்வை போர்த்தி விட்டால் சரியாகிவிடுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: போர்த்துவதற்கு முன் காய்ச்சல் பாருங்கள். கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, காய்ச்சல் தெரியாமலே நடுக்கம் வந்தாலோ, நடுராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க நேரமாகும் என்பதால் வண்டிக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். போர்வையை வண்டியில் போர்த்திக்கொள்ளலாம்.