ஜெனோஸா, கோர்க்கா? முதலில் கீபோர்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பத்து வருடமாக இசைக்குழுவில் யமஹா பிஎஸ்ஆர் கீபோர்ட் வாசிக்கிறார். கலியாண மண்டபம், கோயில் திருவிழா, இடைக்கிடை ஹோட்டல்களில் பைலா. இப்போது பெரிதாக ஒன்று வாங்கக் காசு சேர்த்துவிட்டார். யமஹா ஜெனோஸ்2 எடுப்பதா, கோர்க் பிஏ5எக்ஸ் எடுப்பதா என்பது கேள்வி. நடுவில் கொழும்பில் ஒருவர், ஜப்பானில் பாவித்த பழைய ஜெனோஸைப் பாதி விலைக்குத் தருகிறேன், முற்பணம் போடுங்கள் என்கிறாராம்.

தம்பி, முற்பணம் போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டுமே மேடைக்கான கருவிகள். ஜெனோஸ்2 2023இல் வந்தது, 76 கட்டை. பிஏ5எக்ஸ் 61, 76, 88 என்று மூன்று அளவில் கிடைக்கும். இரண்டிலும் ஸ்பீக்கர் இல்லை, வீட்டில் பழக ஹெட்போனோ மொனிட்டர் ஸ்பீக்கரோ வேண்டும். புல்லாங்குழல், சாக்ஸ், வயலின் என்று தனித்து வாசிக்கிற சத்தங்களில் எனக்கு யமஹாதான் பிடிக்கும். இரண்டு பாட்டை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக் கொண்டுபோவதில் கோர்க் கெட்டி. அதில் பாட்டு ஓட்ட இரண்டு பிளேயர், ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்ட நடுவில் ஒரு ஸ்லைடர். பாட்டுகளைக் கோத்து விடாமல் மெட்லி ஓட்டுகிறவருக்கு அது வரம்.

உங்களுக்கு நான் சொல்வது ஜெனோஸ்2. காரணம் சத்தம் இல்லை. பாடகர் மேடையில் திரும்பி அடுத்த பாட்டின் முதல் வரியை முணுமுணுப்பார். உங்களுக்குக் கிடைப்பது நாலு செக்கன். கண் போகாமல் கை போய் பட்டனில் விழ வேண்டும். பத்து வருடமாக உங்கள் விரல் யமஹாவின் ரெஜிஸ்ட்ரேஷனில், அதாவது ஒரு பாட்டுக்கான அமைப்பை ஒரே பட்டனில் சேமித்து அழைப்பதில், பழகிவிட்டது. நீங்கள் சேர்த்த ஸ்டைல்கள் (கூடவே ஓடும் தாள, பின்னணிக் கோவைகள்) ஜெனோஸ்2இல் திறக்கும், சில சத்தங்களை மட்டும் மறுபடி தெரிவுசெய்ய வேண்டிவரும். கோர்க்கில் அவற்றை அப்படியே போட முடியாது. திருவிழாக் காலம் நெருங்கும்போது புதிதாகப் பாடம் படிக்க நேரம் ஏது?

இனி அந்த ஜப்பான் ஜெனோஸ். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. நிலாவெளியில் ஒரு கலியாணத்தில், "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று தரகர் சொன்னதை நம்பி ஒருவர் ஜப்பான் கீபோர்டை நேரே பிளக்கில் குத்தினார். திரை ஒருதரம் மின்னியது, கருகிய வாசம் வந்தது, மாப்பிள்ளை வரும் நேரம் மேடையில் தவில் மட்டும்தான். அந்த போர்டைப் பிறகு நான்தான் கழற்றிப் பார்த்தேன். தரகரின் போன் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை.

அடாப்டரில் ஓடும் கீபோர்டுகள் மட்டும் விதிவிலக்கு. பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ்900 மாதிரி. அங்கே சுவர்க் கரண்டைத் தாங்குவது அடாப்டர், கீபோர்ட் அல்ல. அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் இன்புட் என்று இருக்கும். 100–240 என்று இருந்தால் பயமில்லை. 100 மட்டும் இருந்தால் அந்த அடாப்டரைத் தூக்கி வைத்துவிட்டு, அதே அவுட்புட் உள்ள வேறொன்று வாங்குங்கள். எஸ்எக்ஸ்900க்கு 16 வோல்ட். சின்னக் கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டாதீர்கள். பிளஸ் மைனஸ் குறியும் அதேதானா என்று பாருங்கள். ஜெனோஸில் இந்த வழி இல்லை, கரண்ட் நேரே உள்ளே போகிறது. அதனால்தான் திருப்பி, அடிப்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதை வாசியுங்கள் என்கிறேன்.

திருப்பியதும் ஆணிகளையும் பாருங்கள். நம் ஊர்க் கடற்காற்று முதலில் தின்பது அதைத்தான். தலையில் செம்மண் நிறம் இருந்தால் உள்ளேயும் இருக்கும். பிறகு ஒவ்வொரு கட்டையையும் மெல்ல, ஒரே அழுத்தத்தில் அமுக்குங்கள். இடையில் ஒன்று திடீரென்று கத்தினால் அடியில் உள்ள ரப்பர் கொன்டாக்ட் அழுக்கு.

"நாலாயிரம் ஸ்டைல் இலவசம்" என்று பென்டிரைவ் தருவார்கள். காசுக்கு வாங்கும் ஸ்டைல் பேக்குகள் பல அந்த ஒரு கருவிக்கு மட்டும் பூட்டியவை, உங்களுடையதில் திறக்காது. அந்தப் பென்டிரைவுக்காக ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் வாங்கியதற்கு உத்தரவாதம் பெரும்பாலும் அந்த நாட்டோடு முடிந்துவிடும். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது கடைக்காரரும் கை விரித்தார், சுங்கமும் கை விரித்தது, இந்தத் தரகர்கள் மட்டும் கொழுத்தார்கள். ஒரு கட்டை பழுதானால் திருகோணமலையில் இருந்து 1.2 மீட்டருக்கு மேல் நீளமான பெட்டியைக் கொழும்புக்குச் சுமக்க வேண்டும். ஓட்டோவில் ஏறாது. இசைக்கலைஞன் என்றால் இந்தத் தரகர்களுக்கு அவ்வளவு இளக்காரம்.

உத்தரவாதம் எழுதித் தரும் கடைக்கே போங்கள். உங்கள் ஸ்டைல்களைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஒரு திருவிழாப் பாட்டு, ஒரு 6/8 பைலா, வேகமான ஒரு சினிமாப் பாட்டு. மூன்றையும் நடுவில் நிறுத்தாமல் வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் எழும்பாதீர்கள்.