பொன்னாடை இல்லாத மாநாடு

வணக்கம் அண்ணே,

2024இல் கிளாஸ்கோவில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில் நீங்கள் பேசிய படங்களைப் பார்த்தேன். உங்களை வாசிக்கும் நாங்கள் மலேசியாவில், பாயான் லெப்பாஸிலும் கிள்ளானிலும் இருக்கிறோம். கிளாஸ்கோவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? விமானச் சீட்டு யார் எடுத்துக் கொடுத்தது? அந்தக் காசுக்கு நாலு தமிழ்ப்பள்ளிகளில் கதைப் பட்டறை நடத்தியிருக்கலாமே, பொன்னாடைக்காகவா இவ்வளவு தூரம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குள்ளே இருப்பது வெறும் பொறாமையாகவும் இருக்கலாம். அடுத்த முறை நானும் வரலாமா?

உங்கள் வாசகன், பினாங்கு

அன்புத் தம்பிக்கு,

காசில் தொடங்குவோம். சீட்டு என் காசு, அறை வாடகை என் காசு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினேனே, அந்த மாநாட்டுக்குள் நுழையவும் நான்தான் பணம் கட்டினேன். சிறப்பு விருந்தினராக அழைக்கப்படும் சிலருக்கு மட்டுமே பயணமும் தங்குமிடமும் மாநாட்டின் செலவு. மற்ற எழுத்தாளர்கள், எவ்வளவு பெரிய பெயரானாலும், வாசகரைப் போலவே உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் வரவேண்டும். அப்படிக் கட்டியவர்கள்தான் அறிவியல் புனைவுக்கு அந்த மாநாடு தரும் ஹியூகோ விருதுக்குக் கதைகளை முன்மொழிகிறார்கள், வாக்களிக்கிறார்கள். பின்னால் வரப்போகும் மாநாடு எந்த ஊரில் என்பதையும் அவர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இந்த மாநாடு 1939இல் நியூயார்க்கில் ரசிகர்கள் ஆரம்பித்து வைத்தது. போர்க்காலத்தில் நாலு வருஷம் நின்றதைத் தவிர, இன்றுவரை சம்பளம் வாங்காத ஆட்களே நடத்துகிறார்கள்.

பொன்னாடை கிடையாது. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வரும்வரை காத்திருப்பதும் கிடையாது. நாலைந்து பேர் ஒரு தலைப்பில் பேசுவார்கள், ஒருவர் நடுவில் இருந்து கேள்வி கேட்பார். நேரம் முடிந்தால் முடிந்ததுதான், அடுத்த குழு வாசலில் நிற்கும். நம் ஊரில் வரவேற்புரைக்கே அந்த நேரம் போதாது.

தமிழ் படிப்பவர் யாரும் இல்லை என்பது உண்மை. ஆங்கிலத்தில் வந்த ஒரே ஒரு கதையை வைத்துத்தான் எனக்கு மேடையில் இடம் கொடுத்தார்கள். ஆனால் நான் போனதற்கான பலன் மேடையில் கிடைக்கவில்லை. ஒரு எழுத்தாளரோடு பத்துப் பேர் வட்ட மேசையில் காப்பி குடித்துக்கொண்டே பேசும் அமர்வு ஒன்று உண்டு. வாசகர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டு வருவார்கள். என் கதையில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவும் இயந்திரம் வருமே, அதைப் பற்றி ஒரு மூதாட்டி கேட்டார்: "விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக வடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, மழை பெய்தால் உங்கள் இயந்திரம் என்ன செய்யும்?" மழை நாளில் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். இயந்திரத்துக்குச் சம்பளக் கவலை இல்லை. அப்படியானால் மழை நாளில் அது எதற்காக வருந்தும்? அந்த மேசையிலேயே இன்னொரு கதை முளைத்துவிட்டது. இங்கே அதே கதையைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது, எந்தப் போட்டியில் பரிசு வாங்கியது என்பதுதான்.

இதைச் சொல்வதால் அவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று எண்ண வேண்டாம். 2023இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த இதே மாநாட்டில் சில படைப்புகளைக் காரணம் சொல்லாமலே ஹியூகோ பட்டியலிலிருந்து தள்ளிவைத்தார்கள். மறு வருஷம் வாக்கு விவரம் வெளியானபோது பெரிய சண்டை. சண்டையைக் கிளப்பியவர்களும் உறுப்பினர்களே.

பட்டறை பற்றிய கேள்வி நியாயமானது. தமிழ்ப்பள்ளிகளுக்கும் போகிறேன், அந்தப் படங்களைப் போடுவதில்லை, அவ்வளவே.

உங்கள் பொறாமை எனக்குப் பிடித்திருந்தது. அதை உருப்படியான ஒன்றாக்க வழி இருக்கிறது. 1953இலிருந்து அட்லாண்டிக்கின் இரு கரை ரசிகர்களும் ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வாக்களித்து, ஒருவரை அக்கரை மாநாட்டுக்கு அனுப்புவார்கள். போகிறவர் எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை, நல்ல ரசிகராக இருந்தால் போதும். திரும்பி வந்து பயணத்தைப் பற்றி எழுதுவார் என்பது எதிர்பார்ப்பு. நாம் எழுத்தாளரை அழைக்க வசூல் செய்திருக்கிறோம். ஒரு வாசகரை அனுப்ப வசூல் செய்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் நண்பர்கள் அதைத் தொடங்கினால் முதல் நூறு ரிங்கிட் என்னுடையது.

வரலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. அமெரிக்கா என்றால் விசா நேர்காணல் வரை போக வேண்டும். பிரிட்டனுக்கு நம் கடப்பிதழ் இருந்தால் 2025இலிருந்து இணையத்தில் ஓர் அனுமதி வாங்கினால் போதும். ஆசியாவில் யோகோஹாமா 2007, செங்டு 2023, இரண்டே தடவைதான் நடந்திருக்கிறது, அதனால் பக்கத்தில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். போகாமலே வாக்களிக்கும் உறுப்பினராகவும் சேரலாம், செலவு குறைவு. போட்டியில் உள்ள கதைகள் பெரும்பாலும் மின்பிரதியாகக் கைக்கு வந்துவிடும்.

அதற்கு முன்னால் டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா என்ற படக்கதை விழாவுக்கு பஸ் ஏறி வாருங்கள். சொந்தமாக வரைந்ததை மேசை போட்டு விற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். மேசைக்கு எப்படி விண்ணப்பித்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்