புது ட்ரேசர் சோதனையில் சேரலாமா?

நியூக்ளியர் மெடிசின் பிரிவில் வேலை பார்க்கும் நம் உறுப்பினரிடம் மும்பைத் தமிழர்கள் கேட்டவை. (ட்ரேசர் என்பது, உடம்பில் நோய் இருக்கும் இடத்தைப் பெட் ஸ்கேனில் ஒளிரவைக்க ஊசியில் ஏற்றும், சிறிதளவு கதிர்வீச்சு உள்ள மருந்து.)

தாராவியிலிருந்து: அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். பெட் ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாச்சு. இப்போது பி.எஸ்.எம்.ஏ. பெட் என்று இன்னொன்று எழுதியிருக்கிறார்கள். வீண் செலவா அண்ணா?

வீண் இல்லை தம்பி. முதலில் எடுத்தது எஃப்.டி.ஜி. என்ற, சர்க்கரை போன்ற ட்ரேசர் ஊசியாக இருக்கும். அது சர்க்கரையை வேகமாகத் தின்னும் கட்டிகளில்தான் நன்றாகச் சேரும். புராஸ்டேட் கட்டிகள் பல சர்க்கரைக்கு ஆலாய்ப் பறப்பதில்லை. புது ஊசி அந்தச் செல்களின் மேல் நிறைய இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைப் போய்ப் பிடிக்கிறது. 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், நோய் பரவியிருக்கிறதா என்று சொல்வதில் சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம் துல்லியம், இது 92.

செம்பூரிலிருந்து: மாமியாருக்கு இரைப்பைப் புற்றுநோய். ஃபாபி என்ற ட்ரேசர் சோதனையில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலியாக்கிவிடுவார்களோ?

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் இதில் ஏற்றுவது மைக்ரோகிராம் கணக்கில். மருந்தாக வேலை செய்யும் அளவு இல்லை. அதோடு சேரும் காலியம்-68 என்ற கதிர்வீச்சுப் பொருள், 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். முதலில் சிலருக்கு மட்டும் கொடுத்து, எந்த உறுப்பில் எவ்வளவு கதிர்வீச்சு சேர்கிறது என்று அளப்பார்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை: ஸ்கேனில் ஒளிர்ந்த இடம் உண்மையிலேயே புற்றுநோய்தானா என்று பயாப்சியோடு ஒப்பிடுவது. ஃபாபி, கட்டியைச் சுற்றியிருக்கும் நார்த்திசுச் செல்களைப் பிடிக்கிறது. அதனால் ஆறிவரும் காயமும் மூட்டு அழற்சியும்கூட ஒளிரும். மாமியாருக்கு முட்டிவலி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

புது ஸ்கேனை மட்டும் நம்பிச் சிகிச்சையை மாற்றுவார்களா, வழக்கமான ஸ்கேனும் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதிவுசெய்யும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் இதற்குள்ள பதிவு எண்ணையும் வாங்குங்கள். சம்மதப் படிவம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்து அவருக்குப் புரியாவிட்டால் கையெழுத்துப் போட விடாதீர்கள். தமிழில் கேளுங்கள், அது அவர் உரிமை. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

சயானிலிருந்து: பத்து நிமிடம் தாமதமானால்கூட ஏன் கோபப்படுகிறார்கள்?

உங்களுக்காகத் தயாரித்த மருந்தின் கதிர்வீச்சு நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே இருக்கிறது. லோக்கல் ரயிலை நம்பாமல் முன்கூட்டியே கிளம்புங்கள்.

மாட்டுங்காவிலிருந்து: ஸ்கேன் முடிந்து வந்த பாட்டி பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். அன்று சில மணி நேரம் கைக்குழந்தையிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்கி இருக்க வேண்டாம். மறுநாள் தாராளமாகத் தூக்கலாம்.